அணு மின்நிலையத்தில் நெருப்புக் காவல்



தஞ்சோங் கிளிங், சுங்கை ஊடாங் பக்கம் இருப்பவர்களுக்கு மின்நிலையம் என்றாலும் எண்ணெய் ஆலை என்றாலும் புதிதாக விளக்க வேண்டியதில்லை. தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்களின் பிள்ளைகள் இன்றைக்கு அந்த வட்டாரத்துத் தொழிற்சாலைகளில் மின்கம்பி இழுக்கிறார்கள், குழாய் பற்றவைக்கிறார்கள், இரவுக் காவல் பார்க்கிறார்கள். ஆனால் அணு மின்நிலையம் நம் நாட்டில் கிடையாது. சிலாங்கூர் மாநிலத்துப் பாங்கியில் 1982-ஆம் ஆண்டில் இயக்கத்துக்கு வந்தது ஆராய்ச்சிக்கான ஒரு சிறிய உலை. மின்சாரம் எடுப்பதற்கானது அல்ல. பெரிய அணு மின்நிலையம் ஒன்று கட்டலாமா என்ற பேச்சு சில ஆண்டுகளுக்கு ஒரு முறை எழும்பும், பிறகு அடங்கும், மறுபடியும் எழும்பும். அப்படிப் பேச்சு எழும்பும்போதெல்லாம் கதிரியக்கத்தைப் பற்றித்தான் எல்லாரும் கேட்கிறார்கள். சாதாரண நெருப்பைப் பற்றி யாரும் கேட்பதில்லை. இன்றைய பேச்சு அந்தச் சாதாரண நெருப்பைப் பற்றியது.

முதலில் லயத்துக்கு வருவோம். பழைய லயன் வீடுகளை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். பத்து வீடு ஒரே வரிசை, ஒரே நீளக் கூரை. வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் பலகைத் தடுப்பு உண்டு. ஆனால் அந்தத் தடுப்பு கூரை வரைக்கும் போகாது. முதல் வீட்டில் மிளகாய் வறுத்தால் பத்தாவது வீட்டில் தும்முவார்கள். நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் லயத்தின் மூன்றாவது வீட்டில் மண்ணெண்ணெய் விளக்கு சாய்ந்து தீப்பிடித்தது. தீ நான்காவது வீட்டுத் தடுப்பை எரித்துவிட்டு, அப்புறம் ஐந்தாவது வீட்டுக்கு என்று ஒழுங்காகப் போகும் என்றுதானே நினைப்போம்? அது மேலே ஏறி, முகட்டுக்கு அடியிலேயே ஓடி, ஏழாவது வீட்டில் போய் இறங்கியது. நான்காவது வீட்டுக்காரர்கள் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நிற்கையிலே அவர்களுக்குப் பின்னால் ஏழாவது வீடு எரிந்தது.

இன்னொன்று சொல்ல வேண்டும். தோட்டத்தில் கைப்பம்பும் தண்ணீர்க் குழாயும் இருந்தன. அவற்றைப் பூட்டி வைத்த அறையின் சாவி மண்டோர் வீட்டு ஆணியில் தொங்கியது. மண்டோர் வீடு எது என்றால், எரிந்த அதே லயத்தில் ஐந்தாவது வீடு. சாவியை எடுக்க முடியவில்லை. கோடாலியால் கதவை உடைத்துத்தான் பம்பை எடுத்தார்கள். உயிர்ச் சேதம் இல்லை. எங்கள் வீட்டுத் தகரப் பெட்டியோடு பிறப்புப் பத்திரமும் போயிற்று, அதற்காக என் தகப்பனார் ஆறு மாதம் அலைந்தார்.

கூரை வரை போகாத தடுப்பு ஒன்று, எரிகிற வரிசையிலேயே தொங்கிய சாவி ஒன்று. இந்த இரண்டையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். உலகத்தில் அணு மின்நிலையங்களில் பற்றிய பெரிய நெருப்புகளில் இரண்டைச் சொல்லப் போகிறேன். இரண்டிலும் இதே தடுப்பும் இதே சாவியும் வரும்.

அணு மின்நிலையம் என்பது என்ன? உலையில் யுரேனிய அணுக்கள் பிளக்கும்போது சூடு பிறக்கிறது. அந்தச் சூட்டில் தண்ணீர் ஆவியாகிறது. ஆவி டர்பைனைச் சுழற்றுகிறது. டர்பைன் ஜெனரேட்டரைச் சுழற்றுகிறது. ஆவிக்குப் பிறகு உள்ள பாதி, நிலக்கரியிலோ எரிவாயுவிலோ ஓடும் நிலையத்துக்கும் அணு நிலையத்துக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். வித்தியாசம் ஒரே இடத்தில் இருக்கிறது. அடுப்பில் விறகை வெளியே இழுத்துவிட்டால் தணல் கொஞ்ச நேரம் கனன்று அணைந்துவிடும். உலையை நிறுத்தினால் அதன் தணல் அப்படி அணையாது. நிறுத்திய கணத்திலும் முழுச் சூட்டில் நூற்றுக்கு 6 அல்லது 7 பங்கு இருந்துகொண்டேயிருக்கும். ஒரு நாள் கழிந்தாலும் அரைப் பங்கு அளவு இருக்கும். அரைப் பங்குதானே என்று எண்ண வேண்டாம். 220 மெகாவாட் மின்சாரம் தரும் உலை ஒன்று உள்ளே 700 மெகாவாட்டுக்கு மேல் சூட்டை உண்டாக்குகிறது. அதில் நூற்றுக்கு அரைப் பங்கு என்றால், 1,000 வாட் மின்சார அடுப்பு 3,500-க்கு மேல் ஒரே அறையில் எரிவதற்குச் சமம். அந்தச் சூட்டை நாள்கணக்கில் தண்ணீர் விட்டு வாங்கிக்கொண்டே இருக்க வேண்டும். தண்ணீர் விடப் பம்பு வேண்டும், பம்புக்கு மின்சாரம் வேண்டும், மின்சாரத்துக்குக் கம்பி வேண்டும். நெருப்புக்கு அணு உலையைத் தொட வேண்டிய அவசியமே இல்லை. அந்தக் கம்பியைத் தொட்டால் போதும்.

1975-ஆம் ஆண்டு மார்ச் 22. அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில் பிரவுன்ஸ் பெரி என்ற அணு மின்நிலையம். கட்டுப்பாட்டு அறைக்குக் கீழே கம்பிகள் எல்லாம் வந்து சேர்ந்து பிரிந்து போகும் ஓர் அறை உண்டு. அங்கே சுவரைத் துளைத்துக் கம்பி போகும் இடங்களில் காற்றுக் கசிகிறதா என்று தொழிலாளர்கள் சோதித்துக்கொண்டிருந்தார்கள். எதைக் கொண்டு சோதித்தார்கள்? ஒரு மெழுகுவத்தியைக் கொண்டு! சுடர் ஆடினால் அங்கே ஓட்டை என்று அர்த்தம். ஓட்டையை அடைத்திருந்ததோ எளிதில் பற்றும் நுரைப் பஞ்சு. காற்று சுடரை உள்ளே இழுத்தது, பஞ்சு பற்றியது. ஏறக்குறைய ஏழு மணி நேரம் எரிந்தது. 1,600-க்கு மேற்பட்ட கம்பிகள் சேதமாயின. உலையைக் குளிர்விக்க ஒன்றுக்கு மாற்றாக ஒன்று என்று வைத்திருந்த பல பம்புகள் ஒரே சமயத்தில் செயலிழந்தன, ஏனென்றால் முதல் பம்பின் கம்பியும் மாற்றுப் பம்பின் கம்பியும் பக்கத்துப் பக்கத்துத் தட்டுகளில் போய்க்கொண்டிருந்தன.

அந்த நெருப்பில் இன்னொரு சங்கதி. உள்ளூர்த் தீயணைப்புப் படைத் தலைவர் தொடக்கத்திலேயே, தண்ணீர் அடித்து அணைத்துவிடலாம் என்றார். மின்கம்பியில் தண்ணீரா என்று நிலையத்தார் தயங்கினார்கள். மணிக்கணக்கில் மருந்துப் பொடியும் கரியமில வாயுவும் அடித்துப் பார்த்தார்கள், பயனில்லை. கடைசியில் தண்ணீர் அடித்தார்கள். சில நிமிஷங்களில் அடங்கிற்று. எந்த நெருப்புக்கு எதை அடிப்பது, யார் சொன்னால் அடிப்பது என்ற பேச்சை நெருப்புக்கு முன்னால் முடித்து வைத்திருக்க வேண்டும். புகைக்குள் நின்றுகொண்டு அதைத் தீர்க்க முடியாது.

அதன் பிறகு, 1980-ல், அமெரிக்காவின் அணுக் கட்டுப்பாட்டு ஆணையம் புதிய விதி செய்தது. உலையை நிறுத்திக் குளிர்விக்கத் தேவையான கருவிகளின் இரண்டு வழிகளும் ஒரே நெருப்பில் போகக் கூடாது. இரண்டுக்கும் நடுவில் மூன்று மணி நேரம் நெருப்பைத் தாங்கும் சுவர் வேண்டும். இல்லையேல் 20 அடி இடைவெளி வேண்டும், அந்த இடைவெளியில் எரியக்கூடிய பொருள் எதுவும் இருக்கக் கூடாது, நெருப்பை உணரும் கருவியும் தானாக அணைக்கும் ஏற்பாடும் வேண்டும். அதுவும் இயலாவிட்டால் ஒரு மணி நேரம் தாங்கும் உறையும், அதனோடு அதே உணர்கருவியும் அணைக்கும் ஏற்பாடும் வேண்டும். நம் மொழியில் சொன்னால், தடுப்பு கூரை வரைக்கும் போக வேண்டும், சாவி வேறு லயத்தில் தொங்க வேண்டும்.

இது ஊரறிந்த சமாசாரமான பிறகு, பதினெட்டு ஆண்டு கழித்து, இந்தியாவில் நடந்ததைக் கேளுங்கள்.

உத்தரப் பிரதேசத்தில் புலந்தஷகர் மாவட்டத்தில், கங்கைக் கரையில் இருக்கிறது நரோரா அணு மின்நிலையம். அங்கே 220 மெகாவாட் உலைகள் இரண்டு. நம்மவர்களுக்குத் தெரிந்த கல்பாக்கத்திலே, சென்னைக்குத் தெற்கே கடலோரத்தில், 1983-ல் முதன்முதலாக இயங்கத் தொடங்கிய உலையும் அதே கனநீர் வகையைச் சேர்ந்ததுதான். 1993-ஆம் ஆண்டு மார்ச் 31, அதிகாலை மூன்றரை மணி. நரோராவின் முதல் அலகில் டர்பைனின் கடைசி வரிசைத் தகடுகளில் இரண்டு முறிந்தன. உலோகம் நாள்பட நாள்படக் களைத்து முறிவது உண்டு. தேய்ந்த பால்வெட்டுக் கத்தி ஒரு நாள் பட்டென்று ஒடிவதைப் போல. நிமிஷத்துக்கு 3,000 சுற்று சுற்றும் இயந்திரத்தில் இரண்டு தகடு போனால் சமநிலை போயிற்று. இயந்திரம் முழுவதும் பேயாட்டம் ஆடியது. ஜெனரேட்டர் சூடாகாமல் இருக்க அதற்குள்ளே ஹைட்ரஜன் வாயு ஓடும். இது அணு நிலையத்தில் மட்டுமல்ல, பெரிய மின்நிலையங்கள் பலவற்றிலும் உண்டு. ஆட்டத்தில் அந்த வாயுவை அடைத்திருந்த முத்திரைகள் விட்டுப்போக, வாயு வெளியேறி வெடித்தது. மசகெண்ணெய்க் குழாய்கள் உடைந்து எண்ணெய் பற்றியது.

உலையை இயக்கியவர்கள் ஒரு நிமிஷத்துக்குள் அதை நிறுத்திவிட்டார்கள். அது வரைக்கும் நல்லதே நடந்தது. ஆனால் எண்ணெய் நெருப்பு கம்பித் தட்டுகளுக்குத் தாவியது. கம்பியின் மேலுறை எரிந்தது. கம்பி எங்கெங்கே போனதோ அங்கெல்லாம் நெருப்பும் போனது. வழியில் போதிய தடுப்புகள் இல்லை. சில நிமிஷங்களில் அந்த அலகு முழுவதும் இருண்டது. ஆபத்துக்கென்று டீசல் ஜெனரேட்டர்கள் இருந்தன, மின்கல அடுக்குகள் இருந்தன. பழுது அவற்றில் இல்லை. அவற்றின் மின்சாரத்தைக் கொண்டுபோக வேண்டிய கம்பிகளும், அவற்றைக் கட்டுப்படுத்தும் கம்பிகளும் அதே வழியில் போய் அதே நெருப்பில் எரிந்தன. மண்டோர் வீட்டுச் சாவி!

புகை காற்றோட்டக் குழாய் வழியாகக் கட்டுப்பாட்டு அறைக்குள் வந்து நிரம்பியது. இயக்குநர்கள் அங்கே இருக்க முடியாமல் வெளியேறினார்கள். அதற்கு மாற்றாக ஒரு கட்டுப்பாட்டு அறை இருந்தது. அங்கேயும் மின்சாரம் இல்லை. உலைக்குள் சூடு எவ்வளவு, அழுத்தம் எவ்வளவு என்று காட்டும் முள் ஒன்றும் இல்லை. இந்த நிலை 17 மணி நேரம் நீடித்தது.

அந்த 17 மணி நேரத்தில் உலையைக் காத்தது எது? மூன்று சங்கதிகள் என்று சொல்லலாம், மூன்றுமே எளிமையானவை. முதலாவது, டீசலில் தானே ஓடும் தீயணைப்புப் பம்புகள். அவை எரிந்த கம்பிகளை நம்பியிருக்கவில்லை. நெருப்பணைக்க வைத்த தண்ணீரை நீராவிக் கொதிகலன்களுக்குத் திருப்பிவிட்டார்கள். இரண்டாவது, இயற்கையின் தயவு. சூடான நீர் மேலே ஏறும், ஆறிய நீர் கீழே இறங்கும். பம்பு நின்றுபோனாலும் உலைக்குள் இருந்த கனநீர் இந்த முறையில் தானாகவே சுற்றிச் சூட்டைக் கொதிகலனுக்குக் கொண்டுவந்து சேர்த்தது. மூன்றாவது, மனிதர்கள். நின்ற உலை மறுபடி விழித்துவிடாமல் இருக்க போரான் கலந்த திரவத்தை உள்ளே விட வேண்டும். அதன் வால்வுகள் மேலே இருந்தன. சில இயக்குநர்கள் கையில் டார்ச் விளக்குடன், இருட்டிலே ஏறிப் போய், கையாலேயே வால்வுகளைத் திறந்தார்கள். திரவம் தன் பாரத்தால் தானே இறங்கியது. அவர்கள் பெயர்களை நாம் பாடப் புத்தகங்களில் படித்ததில்லை.

கதிரியக்கம் வெளியே வரவில்லை. கதிரியக்கத்தால் யாருக்கும் ஊறு நேரவில்லை. பன்னாட்டு அளவுகோலில் ஏழு படிகளில் மூன்றாம் படி என்று அதைக் குறித்தார்கள். அந்த அலகு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் மூடிக் கிடந்தது. தப்பித்தோம் என்று நிம்மதிப்படலாம். அதே சமயம் அணுவுக்குத் துளியும் சம்பந்தமில்லாத இரண்டு இரும்புத் தகடுகள் எவ்வளவு தூரம் கொண்டுபோய்விட்டன என்று திகைக்கவும் வேண்டும்.

என் மனத்தை உறுத்துவது வேறு. 1975-ல் அலபாமாவில் கற்ற பாடம் 1993-ல் கங்கைக் கரையில் ஏன் எழுதப்பட்டிருக்கவில்லை? தெரியாமல் போயிற்று என்று சொல்ல முடியாது. உலகம் முழுவதும் பொறியாளர்கள் அந்த அறிக்கையைப் படித்தார்கள். பிறர் வீடு எரிந்த அறிக்கையைப் படிப்பது ஒன்று. அதை எடுத்துக்கொண்டு போய் நம் வீட்டுக் கூரைக்கு அடியில் ஏணி வைத்துப் பார்ப்பது இன்னொன்று. இந்த இரண்டாவது வேலைக்குத்தான் பாதுகாப்பு மறு ஆய்வு என்று பெயர்.

இந்தியாவில் அந்த வேலையைப் பார்க்க அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் 1983 நவம்பரில் ஏற்பட்டது. நரோரா நெருப்புக்குப் பின் அந்த வாரியம் எல்லா நிலையங்களையும் ஆராய வைத்தது. டர்பைன் தகடுகளின் வடிவம் மாற்றப்பட்டது. கம்பி வழிகளில் நெருப்புத் தடுப்புகள் போடப்பட்டன. கம்பிகளுக்குத் தீ பரவாத பூச்சு பூசினார்கள். கட்டுப்பாட்டு அறைக்குள் புகை நுழையாமல் இருக்க வழி செய்தார்கள். கல்பாக்கத்துக்கும் இந்த ஆராய்ச்சி வந்தது. அந்த நெருப்புக்குப் பின், 1993 முதல் 1996 வரை வாரியத்தின் தலைவராக இருந்த டாக்டர் ஏ. கோபாலகிருஷ்ணன், பதவியை விட்ட பிறகு, ஆய்வு செய்பவர்களுக்குச் சுதந்திரம் போதாது என்று வெளிப்படையாகவே எழுதினார். 2012-ல் இந்தியத் தலைமைத் தணிக்கை அதிகாரியின் அறிக்கையும் அதையே சுட்டிக் காட்டியது. நிலையத்தை நடத்துகிறவரும் அதைச் சோதிக்கிறவரும் ஒரே கூரையின் கீழ் இருந்தால் என்ன ஆகும் என்று தோட்டத்துக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டுமா? பால் நிறுக்கிறவரே கணக்கும் எழுதினால் எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும்.

சரி, திட்டம் என்பதை எப்படிப் போடுகிறார்கள்? நிலையத்தை அறை அறையாகப் பிரித்துக்கொள்வார்கள். ஒவ்வோர் அறைக்கும் போய்க் கேள்வி கேட்பார்கள். இங்கே எரியக்கூடியது என்ன, எவ்வளவு? எண்ணெய் எத்தனை லிட்டர், கம்பி உறை எத்தனை கிலோ? எதனால் பற்றும்? யார் முதலில் பார்ப்பார்? அப்புறம் மிகக் கடுமையான ஒரு கேள்வி. இந்த அறையில் உள்ளது எல்லாமே சாம்பலாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம், அப்போதும் உலையை நிறுத்த முடியுமா, குளிர்விக்க முடியுமா, உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க முடியுமா? தீயணைப்பவர் வந்துவிடுவார், அணைந்துவிடும் என்ற சமாதானம் இந்தக் கேள்விக்கு விடையாகாது. எல்லாம் எரிந்தது என்றுதான் தொடங்க வேண்டும்.

காகிதத்தில் எழுதியபின் நடந்து போய்ப் பார்ப்பது உண்டு. இதுதான் ஆய்வின் உயிர் என்பது என் எண்ணம். வரைபடத்தில் மூன்று மணி நேரச் சுவர் இருக்கும். நேரில் போனால் அந்தச் சுவரில் போன மாதம் யாரோ புதிய கம்பி ஒன்று இழுக்கத் துளை போட்டிருப்பார், அடைக்காமலே போயிருப்பார். நெருப்புக் கதவுக்குக் கட்டை கொடுத்துத் திறந்து வைத்திருப்பார்கள், வெக்கை தாங்கவில்லை என்று. சாயம் அடிக்க வந்தவரின் எண்ணெய்த் துணி மூட்டை கம்பித் தட்டுக்கு அடியில் கிடக்கும். இவை எந்த வரைபடத்திலும் இல்லை. பற்றவைக்கிற வேலைக்கு அனுமதிச் சீட்டு வேண்டும், பக்கத்தில் ஓர் ஆள் தீயணைப்பானுடன் நிற்க வேண்டும், வேலை முடிந்த பின்னும் அவர் அங்கேயே காத்திருந்து பார்க்க வேண்டும் என்ற விதியெல்லாம் இதற்காகத்தான். பொறி விழுந்து அரை மணி கழித்துப் பற்றும் நெருப்பை ஆலை வேலை செய்தவர்கள் பார்த்திருப்பார்கள்.

நம் நாட்டிலே அணு சம்பந்தமான உரிமங்களுக்கு 1984-ஆம் ஆண்டுச் சட்டமும், கட்டடங்களின் நெருப்புக் காவலுக்கு 1988-ஆம் ஆண்டுத் தீயணைப்புச் சட்டமும் உண்டு. குறிப்பிட்ட பெரிய கட்டடங்களும் தொழிற்சாலைகளும் பொம்பாவிடம் ஆண்டுதோறும் சான்றிதழ் புதுப்பிக்க வேண்டும். ஆண்டுக்கு ஒரு முறை வரும் அதிகாரி அந்த ஒரு நாளைத்தான் பார்க்கிறார். மற்ற நாள்களில் அந்தச் சுவரைக் கடந்து போகிறவர்கள் யார்? கம்பி இழுக்க ஒப்பந்தக்காரரோடு போகிற நம் பையன்கள்தான். பிரவுன்ஸ் பெரியில் மெழுகுவத்தி பிடித்தவரும் அப்படிப்பட்ட ஒரு தொழிலாளிதான். அவர் மேல் பழியைப் போட எனக்கு மனம் வரவில்லை. மெழுகுவத்தியால் சோதிப்பது அங்கே வழக்கமாகவே இருந்தது. முன்பே சிறு சிறு நெருப்புகள் பற்றி, கையாலேயே அணைத்தும் இருக்கிறார்கள்.

அந்தச் சின்ன நெருப்புகளை யாராவது ஒரு புத்தகத்தில் எழுதி வைத்து, மேலே உள்ளவர் அதைப் படித்திருந்தால் அந்த மெழுகுவத்தி வழக்கம் அன்றே நின்றிருக்கும். நல்ல நிலையங்களில் இப்போது அப்படி ஒரு புத்தகம் வைக்கிறார்கள். அணைந்துபோன நெருப்பும், பற்றாமல் தப்பிய பொறியும், அடைக்காத துளையும் அதில் ஏறும். எழுதினவர் பெயரைக் கேட்டுத் தண்டிப்பதில்லை என்று உறுதி கொடுத்தால்தான் அந்தப் புத்தகம் நிரம்பும். உங்கள் வீட்டுப் பிள்ளை வேலை செய்கிற ஆலையில் அப்படி ஒரு புத்தகம் இருக்கிறதா, இருந்தால் அதில் கடைசியாக எழுதிய தேதி என்ன என்று இன்றைக்குச் சாப்பாட்டு நேரத்தில் கேட்டுப் பாருங்கள்.